புனிற்று மகளிர் உடை

பிள்ளை பெற்ற அண்மைக் காலத்திற்குத் தமிழில் ஒரு தனிச்சொல் உண்டு. புனிறு என்பது அது. ஈன்ற அணிமையே அதன் பொருள் என்று தொல்காப்பிய உரியியல் வரையறுக்கின்றது. கன்று ஈன்ற பசுவுக்கும் அச்சொல்லையே நம் பழம்புலவர்கள் வழங்கினர். இன்று அகராதியில் மட்டும் வாழ்கின்ற அச்சொல்லை இக்கட்டுரையின் தலைப்பில் வைத்ததற்குக் காரணம் உண்டு. பிள்ளை பெற்றவள் என்ன உடுத்தினாள் என்று நம் இலக்கியத்தில் தேடப் புகுந்தால், முதலில் அகப்படுவது அந்தச் சொல்லோடு கூடிய ஒரு பாட்டேயாகும்.

நற்றிணையின் 380-ஆவது பாட்டு அது. பரத்தையிடம் சென்றிருந்த தலைவன் வீடு திரும்ப விரும்பிப் பாணனைத் தூது விடுகின்றான். வாயிலில் நின்று தோழி மறுக்கின்றாள். எங்கள் தலைவியின் ஆடையில் நெய்யும் தாளிப்பும் ஏறி அழுக்காகிவிட்டது, பால் வழியும் மார்போடு மகனை அணைத்தபடி இருப்பதால் தோளெல்லாம் புனிற்று மணம் வீசுகின்றது, நல்ல அணி பூண்ட மகளிர் வாழும் சேரிக்குத் தேரேறிச் செல்பவர்க்கு நாங்கள் எவ்வாறு ஏற்றவராவோம் என்பது அவள் விடை. உரையாசிரியர்கள் இதனை ஊடற் பாட்டு என்று சொல்லி மேலே சென்றுவிடுகின்றனர். குழந்தை பெற்ற பெண்கள் இதனைப் படித்தால் வேறொன்றும் காண்பார்கள். பால் கறை படிந்த சேலையோடு நிற்கும்போது, நன்றாக உடுத்திய இன்னொருத்தியோடு தன்னை ஒப்பிட்டுப் பார்க்கும் நெஞ்சம் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடையது.

அக்காலத்து உடை தையலற்றது. கச்சு என்றும் வம்பு என்றும் மார்புக்கட்டு பேசப்படுகின்றதாயினும், எளிய குடிப் பெண்டிர் ஒற்றைச் சேலையையே உடுத்தித் தோளில் மாராப்பாக இட்டுக்கொண்டனர். ரவிக்கை அணியாத பாட்டிமாரை நம்முள் மூத்தவர்கள் கண்ணாரக் கண்டிருப்பர். அந்த உடையில் குழந்தைக்குப் பால் கொடுப்பது ஒரு சிக்கலாகவே இருந்ததில்லை. மாராப்பைச் சற்று நகர்த்தினால் போதும். குழந்தையும் மறைந்துவிடும், மார்பும் மறைந்துவிடும். மேலே துணி போடுவதும் போடாமையும் அன்று தாயின் வசதியைப் பொறுத்தன அல்ல, பலவிடத்துச் சாதியைப் பொறுத்தன. இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் அடங்கிய திருவிதாங்கூரில், தோளில் சீலை இடும் உரிமைக்காக நாடார் குலப் பெண்டிர் பல்லாண்டு அடியும் உதையும் பட்டனர். 1859-இல் அரசர் உத்திரம் திருநாள் மேலாடை அணிய இசைவு தந்தபோதும், மேற்குலத்தார் அணியும் முறையில் அணியலாகாது என்ற தடையோடுதான் தந்தார்.

பிள்ளை பெற்றவளுக்கு நம்மவர் வீடுகளில் கொடுத்த உடை பெரும்பாலும் பழையது. பலமுறை வெளுத்து நைந்த பருத்திச் சேலை, வயிற்றில் சுற்றப் பழைய மல் வேட்டி, குழந்தைக்கு அதிலிருந்தே கிழித்த துண்டுகள், தூளிக்கு இன்னொரு பழஞ்சேலை. புதுத்துணியின் கஞ்சி பச்சைப்பிள்ளையின் தோலை உறுத்தும், பழந்துணி உறுத்தாது, ஈரத்தையும் நன்கு உறிஞ்சும். இதில் அறிவு இருந்தது. இதோடு தீட்டு என்ற எண்ணமும் இருந்தது. கழிக்கப்போகும் துணிதானே, பழையதாக இருக்கட்டும் என்ற கணக்கு அது. புண்ணியாகவாசனத்தன்றுதான் அவளுக்குப் புதுப்புடவை.

இந்தச் சுத்தத்திற்குப் பின்னால் இன்னொருத்தியின் உழைப்பு இருந்ததை நம் பழம்பெருமை பேசுவோர் சொல்லுவதில்லை. ஊர் வண்ணாத்தி மாற்று கொண்டுவந்து கொடுப்பாள். தீட்டுத் துணியை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போவாள். பிறர் தொடக் கூசிய துணியைத் துவைத்து, உலர்த்தி, மடித்துத் தந்தவள் அவள். அதற்குக் கூலி, அறுவடையில் சில மரக்கால் நெல்லும் வீட்டுக்கு வீடு கொஞ்சம் சோறும். அவள் பிள்ளை பெற்றபோது அவளுக்கு மாற்று யார் கொண்டுவந்தார்கள் என்பதை எந்த நூலிலும் நான் கண்டதில்லை.

தைத்த ரவிக்கை நம் பெண்டிரிடையே பரவியது நெடுங்காலம் எடுத்த கதை. வடக்கே அதன் ஒரு கிளையை ஞானதானந்தினி தேவியிடம் காணலாம். இவர் தாகூர் குடும்பத்து மருமகள். இந்தியர்களுள் முதன்முதலாக ஐ.சி.எஸ். தேறிய சத்தியேந்திரநாத் தாகூரின் மனைவி. 1864-இல் கணவரோடு பம்பாய் சென்ற இவர், அங்கே பார்சிப் பெண்டிர் சேலையணிந்த பாங்கைப் பார்த்துத் தமக்கேற்பத் திருத்திக்கொண்டார். உள்பாவாடை, கைவைத்த சட்டை, அதன்மேல் சேலை, முந்தானை இடத்தோளில். வலக்கை வேலைக்கு ஒழிந்திருக்கும்படி முந்தானையை இடப்பக்கம் மாற்றினார் என்பர். கல்கத்தா திரும்பிய பின், விரும்பும் பெண்களுக்கு இம்முறையைக் கற்றுத்தருவதாக 'வாமாபோதினி' என்னும் பத்திரிகையில் விளம்பரமும் செய்தார். பிரம்ம சமாஜப் பெண்டிர் வழியே பரவியதால் அது பிராம்மிகா சேலை எனப் பெயர் பெற்றது. இன்று நாம் இயல்பென எண்ணி உடுத்துகின்ற முறைக்கு அதுவும் ஒரு மூதாதை.

தெற்கே நம் ரவிக்கை வேறு வழியில் வந்தது. முன்புறம் இரண்டு முனைகளையும் இழுத்து மார்புக்குக் கீழே முடிச்சிடும் முடிச்சு ரவிக்கையே பல வீடுகளில் வழங்கியது. இதனை நான் சற்று விரித்துச் சொல்ல விரும்புகின்றேன். ஏனெனில் பிள்ளை பெற்றவளுக்கென்றே அமைந்தது போன்ற உடை அது. உடம்பு பெருத்தால் முடிச்சைத் தளர்த்தலாம், இளைத்தால் இறுக்கலாம். பால் கொடுக்க ஒரு கையாலேயே அவிழ்க்கலாம். பால் கட்டி மார்பு கனத்த நாட்களில் அழுத்தாமல் விட்டுவைக்கலாம். அளவெடுத்துத் தைத்த ரவிக்கையோ ஒரே உடம்புக்கு உரியது. பெண்ணின் உடம்போ ஓராண்டுக்குள் மூன்று முறை மாறுகின்றது.

இந்தக் குறையைத் தையற்காரர்கள் உணராமல் இல்லை. சிங்கர் தையல் இயந்திரம் 1870-களில் இந்தியாவுக்குள் வந்தது. 1930-களில் கல்கத்தாவில் உஷா இயந்திரம் செய்யத் தொடங்கினர். தையல் வீட்டுக்குள் வந்தபின், பக்கத்தில் துணி விட்டுத் தைத்தல் என்ற பழக்கம் நிலைபெற்றது. இரு பக்கமும் உள்ளே ஓர் அங்குலம் துணி மடித்து விட்டு, இரண்டு மூன்று தையல் ஓட்டிவிடுவார்கள். உடம்பு போட்டால் உள்தையலைப் பிரித்துக்கொள்ளலாம். புகுந்த வீட்டிற்குப் போகும் பெண்ணின் ரவிக்கைகளைத் தைக்கக் கொடுக்கையில், துணி விட்டுத் தையுங்கள் என்று தாய்மார் சொல்லியனுப்பிய சொல்லில் எத்தனை எதிர்பார்ப்பு அடங்கியிருந்தது!

முன்கொக்கி வைத்த வரையிலும் பெரிய இடரில்லை. பின்னர்ப் பின்கொக்கி ரவிக்கை நாகரிகமாயிற்று. முன்பக்கம் மடிப்பின்றி அழகாக நிற்கும் என்பது உண்மை. ஆயின் கைக்குழந்தை உள்ளவள் அதை அணிந்து திருமணத்திற்குப் போனால், குழந்தை அழுதபோது ஒதுக்கறையைத் தேடி ஓடி, கொக்கிகளை அவிழ்க்க இன்னொருத்தியின் உதவியை நாட வேண்டும். 1960-களிலும் 70-களிலும் நைலக்ஸ் புடவை வந்தது. கசங்காது, உடனே உலரும், கஞ்சி வேண்டா. காலனிப் பெண்களுக்கு அது வரம். பிள்ளை பெற்றவளுக்கு அது வேம்பு. வேர்வையையும் உறிஞ்சாது, பாலையும் உறிஞ்சாது.

இதை நான் பட்டறிந்தே சொல்கின்றேன். என் மூத்த மகள் 1974-ஆம் ஆண்டுத் தை மாதத்தில் டில்லியில் பிறந்தாள். என் அன்னையார் தஞ்சையிலிருந்து கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் வந்திறங்கினார். கையில் இருந்த மூட்டையில் பாதி பழைய வேட்டிகள். வயிற்றுக்கட்டுக்கு வேட்டி இருந்தது; டில்லிக் குளிருக்கு அம்மூட்டையில் ஒன்றும் இல்லை. என்னிடம் இருந்த கம்பளிச் சட்டையோ தலைவழியாக மாட்டுவது. இரவில் பால் கொடுக்க அதனைத் தூக்கும்போதெல்லாம் வயிறும் முதுகும் விறைத்துப்போகும். எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மாள் இதைப் பார்த்துவிட்டு, முன்பக்கம் பொத்தான் வைத்த ஒரு சட்டையை வெயிலில் உட்கார்ந்தபடியே சில நாட்களில் பின்னிக் கொடுத்துவிட்டார். கூடவே ஒரு சால்வையும். சால்வையைப் போர்த்திக்கொண்டு பால் கொடுக்கும் முறையை எனக்குக் கற்பித்தவர் அவரே. என் அன்னைக்கு இந்தி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. இருவரும் அந்தச் சட்டையின் கழுத்தளவைக் கையாலேயே பேசி முடிவு செய்தனர்.

வயிற்றுக்கட்டைப் பற்றி இங்கே ஒரு சொல். கருப்பை பழைய அளவுக்குச் சுருங்க ஏறத்தாழ 6 வாரம் ஆகின்றது. கட்டினாலும் கட்டாவிட்டாலும் அது சுருங்கும். இடுப்புக்குத் தாங்கலாக அளவாகக் கட்டினால் நிமிர்ந்து நடக்க உதவும் என்பதை மருத்துவர்களும் ஏற்கின்றனர். மூச்சு முட்ட இறுக்கினால் வயிறு தட்டையாகும் என்பது நம் பாட்டிமாரின் நம்பிக்கை. அதற்குத் தக்க சான்று இல்லை. மார்பை இறுக்கும் உடை பால் கட்டிக்கொள்ள ஏதுவாகும் என்றும் எச்சரிக்கின்றனர்.

சென்னையில் கண்டிராத ஒன்றை நான் டில்லியில் கண்டேன். இராஜஸ்தானத்திலும் அரியானாவிலும் பிள்ளை பெற்றவளுக்குப் பிறந்த வீட்டார் பீலியா என்னும் மஞ்சள் ஓட்னியைத் தருவர். சிவப்புக் கரை, நடுவில் சிவப்பு வட்டம், முடிச்சுச் சாயத்தில் புள்ளிகள். கிணற்றுப் பூசைக்கு அவள் அதனைப் போர்த்திக்கொண்டு வரும்போது ஊரே அவளை அடையாளம் காணும். நாம் பழஞ்சேலை கொடுத்து உள்ளறையில் இருத்தினோம், அவர்கள் மஞ்சளும் சிவப்புமாகப் போர்த்தி வெளியே அழைத்து வந்தார்கள். உடனே அவர்களை மிகப் போற்றிவிடவும் வேண்டா. பழைய வழக்கப்படி பீலியா மகனைப் பெற்றவளுக்கே உரியது. மகளைப் பெற்றவள் அதற்கு ஏங்கியே நின்றாள். இக்காலத்தில் மகளுக்கும் தரும் குடும்பங்கள் உள்ளன.

என் கதைக்கு வருகின்றேன். மகப்பேற்றுச் சலுகைச் சட்டம் 1929-இல் பம்பாய் மாகாணத்திலும் 1934-இல் சென்னை மாகாணத்திலும் தொழிற்சாலைப் பெண்டிர்க்கென இயற்றப்பட்டது. 1961-ஆம் ஆண்டுச் சட்டம் நாடு முழுமைக்கும் 12 வார விடுப்பு தந்தது. வேலைக்குத் திரும்பியபின் குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை நாள்தோறும் இருமுறை பாலூட்ட இடைவேளை தரவேண்டும் என்றும் அதில் இருந்தது. நான் பணியாற்றிய தனியார் நிறுவனத்தில் அதை எவரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் அறிந்திருக்கவில்லை. 12 வாரம் முடிந்ததும் நைலக்ஸ் புடவையும் வெளிர்நிற ரவிக்கையுமாக அலுவலகம் சென்றேன். பதினொரு மணிக்கெல்லாம் ரவிக்கை நனைந்துவிட்டது. கோப்பு ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு மேலதிகாரியின் அறையில் நின்றேன். அவர் கோப்பைக் கேட்டார். என்னால் கொடுக்க முடியவில்லை.

மறுவாரத்திலிருந்து கருநீலத்திலும் அரக்கிலும் பூப்போட்ட வாயில் புடவைகளையே உடுத்தினேன், ஈரம் தெரியாது. மல் துணியை நான்காக மடித்து உள்ளே வைத்துக்கொண்டேன். ஆயினும் நான்காம் மாதத்திற்குள் பால் வற்றிவிட்டது. உடையால் வற்றியது என்று சொல்லமாட்டேன். உரிய நேரத்தில் கொடுக்க வழியில்லாமையால் வற்றியது. ஆனால் என் நினைவில் நிற்பது அந்த வெளிர்நிற ரவிக்கைதான்.

அதன்பின் வந்த மாற்றங்கள் விரைவானவை. நைட்டி நம் வீடுகளில் புகுந்தது. அதனை ஏளனம் செய்யாத ஆடவர் இல்லை. பிள்ளை பெற்றவளின் வயிற்றை இறுக்காமலும் முன்பக்கம் ஜிப் வைத்தும் வந்த உடையை அவர்கள் உடுத்திப் பார்த்ததில்லை. சல்வார் கமீசும் அவ்வாறே; மேற்சட்டையின் மடிப்பில் மறைவாக ஜிப் வைத்துப் பாலூட்டும் தாய்மார்க்கென்றே குர்த்திகள் கடைகளில் தொங்குகின்றன. விடுப்பு 2017-இல் 26 வாரமாயிற்று. தமிழக அரசு 2015-இல் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளைத் திறந்தது.

சென்ற ஆண்டு என் பேத்திக்குப் பிள்ளை பிறந்தபோது மதுரைச் சுங்குடி நான்கு வாங்கி அனுப்பினேன். சௌராட்டிரர் கைவண்ணமான அச்சேலை 2005-இல் புவிசார் குறியீடு பெற்றது. எடை குறைவு, காற்றோட்டம் மிகுதி. அவள் இரண்டைச் சேலையாக உடுத்தினாள். மற்ற இரண்டை வெட்டி, முன்பக்கம் முடிச்சிடும் சட்டைகளாகத் தைத்துக்கொண்டு அலுவலகத்திற்கும் போய்வருகின்றாள். அம்மாதிரியை எங்கே கண்டாய் என்று கேட்டேன். இது புது மோஸ்தர் பாட்டி, உங்களுக்குத் தெரியாது என்றாள்.