யாருடைய சாயல்?

எங்கள் விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் ஒரே அச்சில் வார்த்த பொம்மைகள் ஒரே முகத்தோடு வரிசையாக நிற்கும். பெண் கலைஞர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்த அச்சை மனதில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறார்களோ என்று எனக்குத் தோன்றும்.

எம்.எல். வசந்தகுமாரி (1928–1990) ஜி.என். பாலசுப்பிரமணியத்தின் மாணவி. அந்த மின்னல் பிருகாக்கள் குருவிடமிருந்து வந்தவைதாம், மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் ஜி.என்.பி.யின் பிருகாக்களிலேயே டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரம் கேட்கும். அதைப் ‘புதுமை’ என்று எழுதினோம். எம்.எல்.வி. செய்ததை மட்டும் ‘அப்படியே குரு’ என்றோம்.

இது நம் ஊர்ப் பழக்கம் மட்டுமல்ல. அமெரிக்க ப்ளூஸ் இசையில், சக கிதார் கலைஞர்களையே மிரள வைத்தவர் மெம்பிஸ் மின்னி. அவருக்குக் கிடைத்த பெரிய பாராட்டு என்ன தெரியுமா? ஆம்பிளை மாதிரி வாசிக்கிறாள் என்பது!

எம்.எல்.வி. கச்சேரிதோறும் பாடிப் பரப்பிய புரந்தரதாசர் பாடல்கள் ஜி.என்.பி. கொடுத்தவை அல்ல. அம்மா லலிதாங்கி கொடுத்தவை. அவரும் பாடகி, தாசர் பாடல்களைத் தேடிக் கற்று, மேடையில் பாடி, அச்சிலும் கொண்டுவந்தவர். 1977இல் மகளுக்குச் சங்கீத கலாநிதி கிடைத்தது. இன்று மகளின் மாணவி சுதா ரகுநாதன் தாசர் பாடலை எடுத்தால், ‘எம்.எல்.வி. பாணி’ என்று தலையாட்டுகிறோம். லலிதாங்கியின் பெயரை அங்கேயும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.