கோட்டைக்கு நெல் போன கதை

பாதுகாப்புத் துறைக்கு 2025–26 பட்ஜெட்டில் ஒதுக்கிய தொகை சுமார் 6.81 லட்சம் கோடி ரூபாய். அதில் விமானம், கப்பல், பீரங்கி, புதுத் தொழில்நுட்பம் வாங்கும் மூலதனக் கணக்கு மட்டும் 1.80 லட்சம் கோடி. ராணுவக் கணக்குத் துறையில் பில் பாஸ் செய்தே தலை நரைத்தவன் நான். பிறந்து வளர்ந்தது கூத்தாநல்லூரில், நெல் வியாபாரம் செய்த வீட்டில். ஒதுக்கீட்டுத் தொகையைப் பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போடும்போதெல்லாம் எனக்கு எங்கள் தஞ்சைச் சீமையின் பழைய கதை ஒன்று நினைவுக்கு வரும். ராணுவக் கொள்முதலைப் பற்றி அது சொல்லித் தருகிற பாடம் பெரியது.

1762இல் தஞ்சை மன்னர் பிரதாப சிங், ஆற்காட்டு நவாப் முகம்மது அலிக்கு ஆண்டுக்கு 4 லட்சம் ரூபாய் கப்பம் கட்ட ஒப்புக்கொண்டார். அதற்கு ஜாமீன் நின்றது கிழக்கிந்தியக் கம்பெனி. நவாப் கம்பெனியின் படையைக் கொண்டு போர் நடத்தினார். அந்தச் செலவுக்கான கடன் ஏற ஏற, அவர் கண் தஞ்சையின் விளைச்சல் மேல் விழுந்தது. 1773 செப்டம்பரில் கம்பெனிப் படையே தஞ்சைக் கோட்டையைப் பிடித்து அவரிடம் கொடுத்தது.

1776 ஏப்ரலில் சென்னை கவர்னர் பிகட், அப்போது அரியணை இழந்த பிரதாப சிங்கின் மகன் துளஜா மன்னரை மறுபடி அரியணையில் அமர்த்தினார். உடனே பால் பென்ஃபீல்ட் என்ற கம்பெனி உத்தியோகஸ்தர் ஒரு கோரிக்கையோடு வந்து நின்றார். நவாப் தஞ்சை வருவாயை எனக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார், நிற்கிற பயிரின் பேரிலும் கடன் கொடுத்திருக்கிறேன், மொத்தம் 2,34,000 பவுன் வர வேண்டும் என்றார். பிகட் ஏற்க மறுத்தார். தகராறு முற்றி, 1776 ஆகஸ்டில் கவர்னரையே அவருடைய கவுன்சிலார் சிறைவைத்தார்கள். அடுத்த ஆண்டு மே மாதம் காவலிலேயே அவர் இறந்தார். வயலில் நின்ற பயிர் அறுவடைக்கு முன்பே கடன்காரர் கணக்கில் ஏறியிருந்த காலம் அது.

துளஜாவும் நாட்டைச் சும்மா திரும்பப் பெறவில்லை. கோட்டைக்குள் கம்பெனிப் படை இருக்கும், அதன் செலவுக்கு ஆண்டுக்கு 4 லட்சம் வராகன் தர வேண்டும் என்பது ஏற்பாடு. வராகன் ஒன்றுக்கு மூன்றரை ரூபாய் என்று வைத்தால் 14 லட்சம் ரூபாய். தஞ்சை அரசின் பாதுகாப்பு பட்ஜெட் என்று இதைச் சொல்லலாம். காகிதத்தில் குறையே சொல்ல முடியாத ஒதுக்கீடு.

1781இல் மைசூரை ஆண்ட ஹைதர் அலியின் படை சீமைக்குள் இறங்கியது. ஊர்கள் பாழாயின. கோட்டைக்குள் சிப்பாய்கள் பசியால் சுருண்டு விழுந்தார்கள். காலையில் தெருவில் பிணங்கள் கிடந்தன. வெளியே நெல் இல்லாமல் இல்லை, அதைக் கொண்டுவர மாடுதான் இல்லை. முன்பு குடியானவர்கள் நெல் கொண்டுவந்தபோது, இடையில் இருந்த துபாஷிகள் என்ற மொழிபெயர்ப்புத் தரகர்கள் அவர்களுக்குச் சேர வேண்டிய பணத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அதனால் ஜனங்கள் மாடுகளை ஓட்டிக்கொண்டு விலகிப் போய்விட்டார்கள். மன்னர் ஆணையிட்டார், பிறகு கெஞ்சினார். ஒருவரும் வரவில்லை.

கடைசியில், தன் பேச்சும் செல்லவில்லை, கம்பெனியார் பேச்சும் செல்லவில்லை என்று துளஜாவே ஒப்புக்கொண்டார். கிறிஸ்டியன் ஃபிரெடெரிக் சுவார்ட்ஸ் என்ற ஜெர்மானியப் பாதிரியாருக்கு ஒரு வெற்றுத்தாளை அனுப்பி, ஜனங்களோடு எந்த ஒப்பந்தமும் செய்துகொள்ள அதிகாரம் கொடுத்தார். 1750இல் தரங்கம்பாடிக்கு வந்த சுவார்ட்ஸ், தமிழ் நன்றாகத் தெரிந்தவர். சுற்றுவட்டாரம் முழுக்கக் கடிதம் அனுப்பினார். கூலியை என் கையாலேயே கொடுப்பேன், எதிரி பிடித்துக்கொண்டு போகும் மாட்டுக்கும் விலை தருவேன் என்று இரண்டு உறுதி சொன்னார். ஓரிரு நாளில் ஆயிரத்துக்கு மேல் மாடுகள் சேர்ந்தன. அவருடைய உபதேசியாரும் சபையார் சிலரும் உயிரைப் பணயம் வைத்துப் போய் 80,000 கலம் நெல்லைக் கோட்டைக்குள் சேர்த்தார்கள். வேலை முடிந்ததும் சுவார்ட்ஸ் எல்லோருக்கும் பணம் கொடுத்தார். கையில் இருந்தது போதாமல், தன் பொறுப்பில் இருந்த பிறர் பணத்தையும் எடுத்துக் கொடுத்து, சிறு வெகுமதியும் தந்து அனுப்பினார்.

எங்கள் பக்கக் கணக்கில் 12 மரக்கால் ஒரு கலம், 2 கலம் ஒரு மூட்டை. ஒரு மாடு ஒரு மூட்டை சுமந்தால் ஆயிரம் மாடு ஒரு நடைக்கு 2,000 கலம் கொண்டுவரும். 80,000 கலத்துக்கு 40 நடை. ஹைதரின் குதிரைப்படை சுற்றித் திரிந்த நாட்டில் இத்தனை நடைக்கு மாட்டுக்காரர்கள் துணிந்தார்கள் என்றால், பணம் கைக்கு வரும் என்று நம்பியதுதான் காரணம். 4 லட்சம் வராகன் ஒதுக்கீட்டால் ஆகாத காரியம் ஒரு மனிதரின் வாக்கால் ஆனது.

கம்பெனி இதிலிருந்து வேறு பாடம் படித்தது. 1787இல், துளஜாவுக்குப் பின் வந்த அமர் சிங் மன்னரோடு செய்த உடன்படிக்கையில், போர்க்காலத்தில் வருவாயில் ஐந்தில் நான்கு பங்கு கேட்டது. 1799 அக்டோபரில், அவருக்குப் பின் மன்னரான சரபோஜியிடமிருந்து நிர்வாகத்தையே எடுத்துக்கொண்டது. மன்னருக்கு மிஞ்சியது ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகனும் நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும்.

இன்றைய ராணுவக் கொள்முதல் முறையில் வாசல்கள் அதிகம். பெரிய தளவாடம் என்றால், இது தேவைதான் என்று பாதுகாப்பு அமைச்சர் தலைமையிலான கொள்முதல் குழு முதலில் ஒப்ப வேண்டும். பிறகு டெண்டர், கள சோதனை, விலைப் பேச்சு, நிதி ஒப்புதல், கடைசியில் ஒப்பந்தம். பணம் தவணை தவணையாகப் போகும். மூலதன ஒதுக்கீட்டில் பெரும்பகுதி, முந்தைய ஆண்டுகளில் கையெழுத்தான ஒப்பந்தங்களின் தவணைக்கே போய்விடும். அரிசி, துணிமணி, எரிபொருள், உதிரிபாகம் எல்லாம் வருவாய்க் கணக்கில் வரும். மார்ச் 31 தாண்டினால் செலவழியாத பணம் காலாவதி.

அந்த மார்ச் மாதத்தை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ஓர் அலுவலகத்தில், தார்ப்பாய் சப்ளை செய்த சிறு வியாபாரி ஒருவரின் பில் நின்றுபோனது. சரக்கு வந்து கிடங்கில் அடுக்கியாகிவிட்டது. வரவு ரசீதில் ஒரு கையெழுத்து இல்லை, அவ்வளவுதான். கையெழுத்து போட வேண்டியவர் விடுப்பில் இருந்தார். மார்ச் 31 போனது. புது ஆண்டு ஒதுக்கீடு இறங்கும்வரை அந்த வியாபாரி வட்டி கட்டிக்கொண்டு காத்திருந்தார். அடுத்த டெண்டருக்கு அவர் வரவில்லை. வந்த மற்றவர்கள் விலையைக் கூட்டிப் போட்டிருந்தார்கள். பணம் எப்போது வரும் என்று தெரியாதவர் அந்த வட்டியையும் விலைக்குள் வைத்துத்தான் எழுதுவார். தாமதத்துக்கான விலையைக் கடைசியில் ராணுவமே கொடுக்கிறது.

சிறு தொழில்களிடம் சரக்கு வாங்கினால் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் வட்டியோடு தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நல்ல சட்டம். தமிழ்நாட்டின் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் 2019இல் திருச்சியில் தொடங்கிவைக்கப்பட்டது. அதை நம்பி லேத்தும் கடனுமாக இறங்கியிருக்கும் சிறு பட்டறைக்காரர்களுக்கு இந்த 45 நாள்தான் உயிர்நாடி.

ஆகவே என் கோரிக்கை ஒன்றுதான். ஒதுக்கீடு எத்தனை கோடி என்று அச்சிடும் அதே பட்ஜெட் தாளில், போன ஆண்டு சப்ளையர் பில்கள் சராசரியாக எத்தனை நாளில் பட்டுவாடா ஆயின என்ற ஒரு வரியும் அச்சாக வேண்டும். நாட்டின் படை எவ்வளவு தயாராக இருக்கிறது என்பதை அந்த வரியைப் பார்த்துத்தான் நான் மதிப்பிடுவேன்.