சூசன்னா வெஸ்லியின் வீட்டுப் பள்ளி

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துப் பாடம் சொல்லிக்கொடுக்கும் கிறிஸ்துவக் குடும்பங்கள் சிலவற்றை எனக்குத் தெரியும். அவர்கள் வீட்டில் ஐஸ்பெட்டிக் கதவிலோ சுவரிலோ 'இன்று எதற்கெல்லாம் நன்றி' என்று தலைப்பிட்ட ஒரு தாள் ஒட்டியிருக்கும். மழைக்கு நன்றி, மீ கோரேங்குக்கு நன்றி என்று கோணல் எழுத்தில் பிள்ளைகள் எழுதி வைத்திருப்பார்கள். பேச்சினிடையே எப்படியும் ஒரு பெயர் வந்துவிடும்: சூசன்னா வெஸ்லி. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாயார். பத்தொன்பது பிள்ளை பெற்றவர், பிள்ளைகளுக்கு வீட்டிலேயே எழுத்தறிவித்தவர், எது வந்தாலும் வாய் முணுமுணுக்காமல் ஸ்தோத்திரம் சொன்னவர் என்பார்கள்.

முதல் இரண்டும் வரலாறு. மூன்றாவதில்தான் எனக்கு உறுத்தல். அவருடைய கடிதங்களை வாசித்துவிட்டு வந்தால் அந்தச் சாந்த சொரூபி படம் சுவரில் நிற்காது.

சூசன்னா 1669-ல் லண்டனில் பிறந்தவர். தகப்பனார் சாமுவேல் ஆன்ஸ்லி அரசுத் திருச்சபையோடு ஒத்துப்போகாத பியூரிட்டன் போதகர். சூசன்னா அவருடைய இருபத்தைந்தாவது பிள்ளை என்பது குடும்பக் கணக்கு. அந்தத் தகப்பனின் சபையை விட்டு அரசுத் திருச்சபைக்குப் போவதென்று பதின்மூன்று வயதை ஒட்டி அவரே முடிவெடுத்துவிட்டார். 1688-ல் சாமுவேல் வெஸ்லியைக் கட்டினார். லிங்கன்ஷையரில் எப்வர்த் என்ற சதுப்புநில ஊருக்குக் கணவர் குருவானவராகப் போனார். பத்தொன்பதில் ஒன்பது பிள்ளைகள் சின்னதிலேயே இறந்துபோயின. தங்கியது பத்து. மூன்று பையன்கள், ஏழு பெண்கள்.

பிள்ளைக்கு ஐந்து வயது முடிந்த மறுநாள் படிப்பு தொடங்கும். முதல் நாள் காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு, மதியம் இரண்டிலிருந்து ஐந்து. அந்த நேரத்தில் அறைக்குள் யாரும் போகக்கூடாது. ஒரே நாளில் எழுத்து முழுவதும் தெரிந்துவிட வேண்டும். மோலிக்கும் நான்சிக்கும் மட்டும் ஒன்றரை நாள் பிடித்தது. மறுநாள் ஆதியாகமத்தின் முதல் வசனத்தை எழுத்துக்கூட்டி வாசிக்கவேண்டும். பையன்கள் பிறகு லண்டன் பள்ளிகளுக்குப் போனார்கள். பெண்களுக்கு இந்த வீடுதான் கடைசிவரை பள்ளி. நன்றாக வாசிக்கத் தெரிகிற வரைக்கும் எந்தப் பெண்ணையும் தையல் வேலையில் உட்காரவைக்கக் கூடாது என்று சூசன்னா ஒரு விதி வைத்திருந்தார். நம் பாட்டிகளில் எத்தனை பேருக்கு இப்படி ஒரு விதி கிடைத்திருக்கும்?

இதையெல்லாம் 1732 ஜூலையில் ஜானுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் அவரே சொல்கிறார். ஜான் கேட்டதால்தான் எழுதினார். தாயார் இறந்த பிறகு ஜான் அதைத் தன் நாட்குறிப்பில் சேர்த்து அச்சிட்டார். அந்தக் கடிதத்தில் பாடத்தைவிட எனக்குப் பிடித்தது பழக்கவழக்கப் பகுதி. அழுது கேட்டால் எதுவும் கிடைக்காது, மரியாதையாகக் கேட்கவேண்டும். வீட்டின் கடைநிலை வேலைக்காரியிடம் கேட்டாலும் 'தயவுசெய்து' என்று சேர்த்துத்தான் கேட்கவேண்டும். பிள்ளை அந்தச் சொல்லை விட்டுவிட்டு, வேலைக்காரி அதைப் பொறுத்துக்கொண்டால் திட்டு வேலைக்காரிக்கு விழும்! உடன்பிறந்தவர்களை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது, அண்ணன் அக்கா மாதிரி முறை சேர்த்துத்தான் அழைக்கவேண்டும். இதைப் படித்தபோது எப்வர்த் ஏதோ நம் பக்கத்து ஊர் போலத் தோன்றியது. பேசத் தெரியாத குழந்தைகூடக் குடும்ப ஜெபம் முடிந்ததும் கைஜாடையால் ஆசி கேட்கும்.

அந்த வீட்டுச் சட்டத்தில் வேறு இரண்டு விதிகள் உண்டு. ஒன்று, பெரியவர்களைச் சந்தோஷப்படுத்த நினைத்துப் பிள்ளை ஏதாவது செய்தால், செய்தது கோணலாக இருந்தாலும் அந்த எண்ணத்தை அன்போடு ஏற்றுக்கொள்ளவேண்டும். நன்றி சொல்லவேண்டிய கடமை அங்கே தாய்க்கும் இருந்தது. மற்றது, ஒருமுறை கொடுத்ததைத் திரும்பக் கேட்கக்கூடாது. கொடுத்த கணமே அது வாங்கியவருடையது. ஒரு குண்டூசியானாலும் சரி, அடுத்தவர் பொருளைத் தொடக்கூடாது.

தமிழில் நாம் 'நன்றிக்கடன்' என்கிறோம். சொல்லிலேயே கடன் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அதன் வாடை தெரியும். 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்பதை லயத்து ஆட்களுக்கு அதிகம் நினைவூட்டியவர்கள் உப்பிட்டவர்கள்தான். கொடுத்ததைச் சொல்லிக்காட்டாத வீட்டில்தான் பிள்ளையின் நன்றி பிள்ளையுடையதாக இருக்கும் என்று சூசன்னாவின் விதியைப் புரிந்துகொள்கிறேன்.

இனிப்பான வீடு என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு வயது ஆகும்போதே பிரம்புக்குப் பயப்படவும் சத்தமில்லாமல் அழவும் பிள்ளைகள் பழக்கப்பட்டார்கள். சூசன்னாவே அதைப் பெருமையாகத்தான் எழுதுகிறார். வீட்டுக்கல்விக்காரர்கள் பலர் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்குத் தாண்ட முடியவில்லை. ஒரு வயதுக் குழந்தைக்கு என்ன தெரியும் சொல்லுங்கள்.

அந்தத் தாய் தனக்கு என்ன விதி வைத்துக்கொண்டார்? 1702 வாக்கில் ஒரு நாள், ராஜா வில்லியமுக்காகக் கணவர் ஜெபம் செய்தபோது சூசன்னா ஆமென் சொல்லவில்லை. நாடுகடத்தப்பட்ட ஜேம்ஸ்தான் உண்மையான ராஜா என்பது அவர் எண்ணம். சாமுவேலுக்கு வந்த கோபத்தில், நமக்கு ராஜா இரண்டு என்றால் கட்டிலும் இரண்டு என்று சொல்லிவிட்டு லண்டனுக்குக் கிளம்பிவிட்டார். மாதக்கணக்கில் பிரிவு. சமாதானமான பிறகு 1703-ல் பிறந்தவர்தான் ஜான். மனம் ஒப்பாத ஜெபத்துக்கு ஓர் ஆமெனைக்கூடக் கடனுக்குச் சொல்லாத பெண் இவர்.

1705-ல் முப்பது பவுனுக்கும் குறைந்த ஒரு கடனுக்காகச் சாமுவேலை லிங்கன் கோட்டைச் சிறையில் போட்டார்கள். தேர்தலில் அவர் எடுத்த பக்கம் பிடிக்காதவர்கள் செய்த வேலை. அந்த நாட்களில் குடும்பத்துக்குப் பால் கொடுத்த மாடுகளையும் யாரோ வெட்டிக் காயப்படுத்தினார்கள். கையில் வேறொன்றும் இல்லாததால் சூசன்னா தன் மோதிரங்களைக் கழற்றிச் சிறைக்கு அனுப்பினார். கணவர் திருப்பி அனுப்பிவிட்டார். யார்க் பேராயர் ஜான் ஷார்ப் சூசன்னாவைப் பார்த்து, உண்மையாகவே ரொட்டிக்கு இல்லாமல் இருந்திருக்கிறீர்களா என்று கேட்டார். நம்மூர் அம்மாவாக இருந்தால் 'ஆண்டவர் ஒரு குறையும் வைக்கலைங்க' என்று முடித்திருப்பார். சூசன்னா அப்படி முடிக்கவில்லை. ரொட்டி இல்லாமல் இருந்ததில்லைதான், ஆனால் சாப்பிடுமுன் அதைத் தேடுவதற்கும் சாப்பிட்டபின் அதற்குப் பணம் கட்டுவதற்கும் பட்ட கவலையில் அந்த ரொட்டியே கசந்துபோனது, இப்படிக் கிடைக்கும் ரொட்டி ரொட்டியே இல்லாத நிலைக்கு அடுத்த படிதான் என்ற பொருளில் பதில் சொன்னார். பேராயர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மறுநாள் காலை தாராளமாகப் பணம் கொடுத்தார்.

தினமும் உணவுக்காக ஜெபம் செய்யும் வீடு அது. அந்த உணவின் விலையைப் பற்றி உண்மையைச் சொல்வது நன்றிகெட்டதனம் என்று சூசன்னா நினைக்கவில்லை. கடவுளுக்கு நன்றி சொன்னார், பேராயருக்குக் கணக்கையும் சொன்னார். அவரை முணுமுணுக்காத தாயாக ஆக்குகிறவர்கள் இந்தக் கணக்கை அழித்துவிடுகிறார்கள்.

1709 பிப்ரவரியில் வீடு இரவோடிரவாக எரிந்தது. ஐந்து வயது ஜானை மாடி ஜன்னல் வழியாக, ஓர் ஆள் தோளில் இன்னோர் ஆள் ஏறி இறக்கினார்கள். கூரை விழுந்தது. சாமுவேல் அக்கம்பக்கத்தாரை அங்கேயே முழங்காலிடச் சொன்னார். எட்டுப் பிள்ளைகளும் கிடைத்துவிட்டார்கள், வீடு போனால் போகட்டும் என்றார். நிறைமாதமாக இருந்த சூசன்னா தீக்காயத்தோடு நின்றார். பிள்ளைகள் பல வீடுகளுக்குப் பிரிந்து போய், கொச்சைப் பேச்சும் கெட்ட பாட்டும் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். சூசன்னா எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினார்.

அடுத்து நடந்ததைத் தமிழர்கள் அதிகம் பேசியதாக எனக்குத் தெரியவில்லை. சாமுவேல் லண்டன் போயிருந்த ஒரு குளிர்காலம். மூத்த மகள் எமிலி அப்பாவின் அறையில் ஒரு புத்தகத்தைக் கண்டெடுத்து அம்மாவிடம் கொடுத்தாள். டேனிஷ் மிஷனரிகளைப் பற்றிய புத்தகம். 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கி, திண்ணைப்பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் விரல் வைத்துத் தமிழ் எழுத்துப் பழகிய சீகன்பால்கும் அவர் கூட்டாளி புளூட்சோவும் அனுப்பிய செய்திகள்தான் அப்போது லண்டனில் ஆங்கிலத்தில் வந்துகொண்டிருந்தன. சில நாட்கள் வேறெதையும் யோசிக்கவோ பேசவோ முடியவில்லை என்று 1712 பிப்ரவரியில் கணவருக்கு எழுதுகிறார் சூசன்னா. நான் ஆணுமில்லை, குருவுமில்லை, ஆனாலும் இப்போது செய்வதைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் செய்யலாமே என்று தோன்றியதாம். என்ன செய்தார்? இரவில் ஒரு பிள்ளையோடு மட்டும் தனியாக உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். திங்கள் மோலி, செவ்வாய் ஹெட்டி, புதன் நான்சி, வியாழன் ஜான், வெள்ளி பேட்டி, சனி சார்லஸ், ஞாயிறு எமிலியும் சூக்கியும்.

ஞாயிறு மாலை சமையலறையில் பிள்ளைகளுக்கும் வேலைக்காரர்களுக்கும் நடத்திய ஜெபத்துக்கு ஊரார் வந்து சேர, கூட்டம் இருநூறு ஆனது. உதவிக்குரு புகார் எழுதினார். சாமுவேல் தயங்கினார். நிறுத்தவேண்டுமென்றால் விருப்பம் என்று சொல்லாதீர்கள், கட்டளை என்று எழுதிக்கொடுங்கள், ஆண்டவர் முன் அதைக் காட்டிக்கொள்கிறேன் என்பது போலப் பதில் போனது. கட்டளை வரவில்லை.

ஜான் வளர்ந்து ஆக்ஸ்ஃபர்டில் ஆசிரியரான பிறகு, அந்த வியாழன் மாலையில் கொஞ்சத்தை எனக்குத் திரும்பத் தரமுடியுமா என்று தாய்க்கு எழுதினார். அவர் தொடங்கிய மெதடிஸ்ட் இயக்கம் 1885-ல் தோபர்னும் பெங்களூரில் பிறந்த ஓல்டமும் வழியாக இந்தியாவிலிருந்து சிங்கப்பூருக்கு வந்தது. சில ஆண்டுகளில் தமிழ் ஆராதனையும் ஆரம்பமானது. தரங்கம்பாடியிலிருந்து கிளம்பிய காகிதம் எவ்வளவு தூரம் சுற்றியிருக்கிறது பாருங்கள்.

ஆனால் நான் அதிகம் யோசிப்பது செவ்வாய்க்கிழமைக்காரியைப் பற்றித்தான். ஹெட்டி எட்டு வயதிலேயே கிரேக்க மொழியில் புதிய ஏற்பாட்டை வாசித்தாள் என்பார்கள். கவிதை எழுதினாள். 1725-ல் ஒருவனை நம்பி வீட்டைவிட்டுப் போனாள். அவன் கட்டிக்கொள்ளவில்லை. கர்ப்பமாகத் திரும்பியவளை அதே ஆண்டு ஈயக்குழாய் வேலை செய்யும் வில்லியம் ரைட்டுக்குக் கட்டிவைத்தார்கள். புத்தகத்தோடு வளர்ந்தவளுக்கும் குடிக்கிற அந்த மனுஷனுக்கும் எதில் ஒட்டும்? பிள்ளைகள் பிறந்து பிறந்து இறந்தன. கணவரின் பட்டறை ஈயம்தான் காரணம் என்று அவள் நம்பினாள். தகப்பனிடம் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டு எழுதினாள். எரியும் வீட்டின் முன் முழங்காலிட்டுப் பிள்ளைகள் போதும் என்று சொன்ன அதே சாமுவேல் மனம் இறங்கவில்லை. 1726-ல் ஜான் தகப்பனின் சபையிலேயே, தவறியவர்களிடம் காட்டவேண்டிய அன்பைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். யாருக்காக என்று சாமுவேலுக்குப் புரிந்தது. மகன்மீதும் கோபப்பட்டார். கொடுத்ததைத் திரும்பக் கேட்கக்கூடாது என்ற விதி குண்டூசிக்குச் செல்லுபடியானது, மகளுக்கு ஆகவில்லை.

சாமுவேல் 1735-ல் காலமானார். சூசன்னா 1742 ஜூலையில், தன் உயிர் பிரிந்ததும் பிள்ளைகள் ஆண்டவரைத் துதித்து ஒரு சங்கீதம் பாடவேண்டும் என்று கேட்டுக்கொண்டு இறந்தார். சுற்றி நின்றவர்கள் பாடினார்கள். ஹெட்டி லண்டனில் இன்னும் எட்டு ஆண்டுகள் இருந்தாள். 1750-ல் அவள் படுக்கையில் கிடந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து ஜெபம் செய்தது தம்பி சார்லஸ்.