ஊற்றுக்கு உரிய எல்லை: பழனிமலை நீர்க்கண்களின் வரலாறு

பழனிமலையின் நீர்வளத்தைப் பேசத் தொடங்குவோர் முதலில் கொடைக்கானல் ஏரியைச் சுட்டுவது வழக்கம். அவ்வேரி இயற்கையானதன்று. மதுரை மாவட்ட ஆட்சியராயிருந்த வெர் ஹென்றி லெவிஞ்ச் 1863ஆம் ஆண்டில் கரையொன்றை எழுப்பிச் சதுப்புப் பள்ளத்தை நீர்த்தேக்கமாக்கினார். ஏறத்தாழ 60 ஏக்கர் பரப்புள்ள அத்தேக்கத்தை நிரப்பியவை, சுற்றுச் சரிவுகளில் கசிந்த சிற்றூற்றுகளும் ஓடைகளுமே. தேக்கியவரின் பெயரை வரலாறு போற்றி வைத்தது. ஊற்றுகளை அது பொருட்படுத்தவில்லை.

மேற்குத் தொடர்ச்சி மலையினின்று கிழக்கே கிளைத்து நீளும் பழனிமலை சுமார் 2,000 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. அதன் மேற்பகுதிக்கு வடகிழக்குப் பருவமழையே மிகுதியாக நீர் தருகிறது. அம்மழை கார்த்திகையோடு ஓய்ந்த பின்னரும் பங்குனி, சித்திரை வரை ஓடைகள் வற்றாதிருப்பது எங்ஙனம்? அடியிலுள்ள சார்னோக்கைட் பாறை நீரைத் தன்னுள் ஏற்கும் இயல்பினதன்று. பாறையின் வெடிப்புகளிலும், மேலே சிதைந்து மண்ணாகிப்போன படலத்திலுமே நீர் தங்கும். முகட்டுப் புல்வெளி மழையை வாங்கிக் கரிய மண்ணுக்குள் இறக்குகிறது; பள்ளத்தாக்கு மடிப்புகளில் செறிந்த சோலைக்காடு அதனை மெல்ல மெல்ல வெளிவிடுகிறது. ஊற்று என்று நாம் காண்பது இந்நெடுஞ்செயலின் கடைசி நிலை மட்டுமே. இவ்வாறு பிறக்கும் நீர்தான் வடக்கே பாலாறு, பொருந்தலாறு, வரதமாநதி, குதிரையாறு எனவும், கிழக்கே மருதாநதி எனவும், தெற்கே மஞ்சளாறு, பாம்பாறு எனவும் சமவெளிக்கு இறங்குகிறது.

புல்வெளியின் இப்பயனை ஆங்கில ஆட்சியாளர் உணர்ந்தாரில்லை. 1821இல் லெஃப்டினன்ட் வார்டு நில அளவைக்காக மலையேறினார். 1845இல் அமெரிக்க மதுரை மிஷன் பாதிரிமார் கோடை வீடுகள் அமைத்தனர். பின்வந்த நிருவாகத்தின் கண்ணுக்கு மரமில்லாத நிலம் வெற்று நிலமாகவே பட்டது. விடுதலைக்குப் பின்னரும் அப்பார்வை மாறவில்லை. இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் சீகை எனப்படும் வாட்டில், யூகலிப்டஸ், பைன் ஆகிய அயல் மரங்கள் புல்வெளிகளில் பெருமளவில் நடப்பட்டன. யூகலிப்டஸ் மரக்கூழுக்கு, வாட்டில் பட்டையோ தோல் பதனிடுதற்கு. ஆம்பூர், வாணியம்பாடி, திண்டுக்கல் தோல் பதனிடும் கூடங்கள் முன்னாளில் ஆவாரம் பட்டையைக் கொண்டே பணி செய்தன. பின்னர்த் தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்தது. அதனை இங்கேயே விளைவித்துக்கொள்ளும் விருப்பம் அடுத்து எழுந்தது. அத்தொழிலில் நம் சமுதாயத்தார் பெற்றிருந்த பங்கை எண்ணினால், மலையுச்சிப் புல்வெளியின் கதை நமக்கும் அயலான் கதையன்று என்பது விளங்கும்.

1973க்கும் 2014க்கும் இடைப்பட்ட செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வொன்று, பழனிமலைப் புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதாகக் கண்டது. நீலகிரியில் கிளென்மார்கன் என்னுமிடத்தில் அருகருகேயுள்ள இரு நீர்ப்பிடிப்புகளுள் ஒன்றைப் புல்லாகவே விட்டு, மற்றதில் யூகலிப்டஸ் நட்டு அளந்து பார்த்தனர். நட்ட பகுதியின் நீர் வரத்து முதற் பத்தாண்டுச் சுற்றிலேயே சுமார் 16 விழுக்காடு குறைந்தது. பட்டையை நமக்கு அனுப்பிய தென்னாப்பிரிக்காவோ, தன் ஆறுகளைக் காக்கும் பொருட்டு 1995இல் வாட்டிலை வெட்டி அகற்றும் அரசுத் திட்டத்தையே தொடங்கிவிட்டது.

ஊற்றைக் காப்பதென்றால் அதன் வாயைச் சுற்றிச் சுவர் எழுப்புவது என்று கருதுவோர் பலர். ஊற்றோடு நிலத்தையும் சேர்த்து எண்ணும் மரபு இஸ்லாமியச் சட்டவியலில் தொன்றுதொட்டு உண்டு. கிணற்றையும் ஊற்றையும் சூழ்ந்த காப்பு நிலத்தை ஃபிக்ஹு நூலார் 'ஹரீம்' என்பர். தரிசு நிலத்தில் ஊற்றைக் கண்டெடுத்தவருக்கு நாற்புறமும் 500 முழம் ஹரீம் உண்டு என்பது ஹனஃபி நூலாகிய ஹிதாயாவின் தீர்ப்பு; அதற்குள் வேறொருவர் தோண்டலாகாது. 1869இல் தொகுக்கத் தொடங்கிய உதுமானியரின் மஜல்லாவும் அவ்வளவையே ஏற்றது. ஹிதாயாவின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1791இலேயே வெளிவந்துவிட்டது. வார்டு மலையேறியது அதற்கு முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர். எனினும் கொடைக்கானலை அமைத்தோர் எவரும் ஊற்றின் எல்லையை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

ஆயினும் ஒன்றை மறைத்தலாகாது. எல்லைக்கு அப்பால் ஒருவர் தோண்ட, முந்தைய கிணறு வற்றினால் அவர்மீது பொறுப்பில்லை என்றும் அந்நூல் கூறுகிறது. ஆற்றுச் சமவெளியில் 500 முழம் போதுமானதாக இருக்கலாம். பழனிமலையில் ஊற்றின் உயிர் அரைக் கல்லுக்கும் அப்பாலுள்ள முகட்டில் இருக்கக்கூடும். திண்டுக்கல், பழனி இராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபி மத்ஹபினர். கடற்கரை மரைக்காயர்கள் ஷாஃபி மத்ஹபினர். ஷாஃபி அறிஞர்கள் முழக்கணக்கை வகுக்காது, வழக்கையும் தேவையையும் கொண்டு ஹரீமை வரையறுத்தனர். மலைநாட்டுக்கு இம்முறையே பொருந்துவதாகும் என்பது என் துணிபு. தேவை எனும் அளவுகோல் முகடு வரை எட்டும்.

முகட்டைக் காவாது விட்டதன் விளைவைப் பாம்பாற்றில் காணலாம். பாம்பார்ச் சோலைக்கு மேலுள்ள மேட்டில் 1983இல் பாதரச வெப்பமானித் தொழிற்சாலை நிறுவப்பட்டது. பின்னர் அது இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு நகரத்துப் பழைய பொருள் கடையொன்றில் 2001 மார்ச்சில் கண்டறியப்பட்டதும் ஆலை மூடப்பட்டது. 2003இல் ஏறத்தாழ 290 டன் கழிவு அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டது. 2016இல் முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் நிறுவனம் உடன்பாடு கண்டது. மண்ணில் கலந்ததை அகற்றுவது அவ்வளவு எளிதாயில்லை. எந்த அளவு பாதரசம் மண்ணில் எஞ்சலாம் என்பது நெடுநாள் வழக்காயிற்று. மேட்டில் விழுந்த மழை சோலைக்குள் இறங்கிப் பாம்பாறாகி, கும்பக்கரை அருவியாய் வீழ்ந்து, பெரியகுளம் வட்டாரத்தை அடைகிறது. வேலிக்கு உள்ளே நிகழ்ந்தது வேலிக்கு உள்ளேயே நிற்கவில்லை.

2013இல் 600 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட காடு கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022இல் அயல் தாவரங்களை அகற்றும் கொள்கையைத் தமிழக அரசு வெளியிட்டது. இரண்டும் வரவேற்கத்தக்கவையே. ஆனால் வாட்டிலை வெட்டியவுடன் புல் திரும்பிவிடும் என்று எதிர்பார்த்தல் தவறு. அதன் விதை மண்ணுள் பல்லாண்டுகள் உறங்கிக் கிடந்து, வெட்டிய வெளியில் வெயில் பட்டதும் அடர்ந்து முளைக்கிறது. பழைய தோட்டங்கள் சிலவற்றிலோ, அயல் மரங்களின் நிழலிலேயே சோலை மரக் கன்றுகள் தாமாக எழுந்துள்ளன. அங்குக் கோடரி வைத்தால் அக்கன்றுகளும் அழியும். ஆதலின் எவ்விடத்தில் வெட்டுவது, எவ்விடத்தில் விட்டுவைப்பது என்பதை ஒவ்வொரு சரிவுக்கும் தனித்தனியே, அதன் கீழுள்ள ஓடையின் கோடைக்கால ஓட்டத்தை அளந்து பார்த்தே முடிவு செய்தல் வேண்டும்.