மொரோ, ழான் (1928–2017)
பாரிசில் பிறந்து, பிரான்சின் பழம்பெரும் அரசு நாடக நிறுவனமான கொமெடி பிரான்சேசில் மேடையேறிய ழான் மொரோ, பத்தாண்டுக்காலம் பெரிதும் கவனிக்கப்படாத படங்களில் நடித்தபின், லூயி மால் இயக்கிய 'தூக்குமேடைக்கு மின்தூக்கி' (1958) வழியாகப் பெரும்புகழ் எய்தினார். காதலனைத் தேடி இரவில் அலையும் அப்படக் காட்சிகளில், ஒப்பனை பெரிதுமின்றிக் கடைவிளக்குகளின் ஒளியிலேயே படமாக்கப்பட்ட அவர் முகம், சோர்வையும் வேட்கையையும் ஒருங்கே காட்டி, அலங்கரித்த அழகையே நாடிய அன்றைய திரைமரபை மாற்றியது. ஸ்டுடியோக்களை விட்டுத் தெருவுக்கு வந்த இளம் இயக்குநர்களின் 'புதிய அலை' இயக்கத்துக்கு, அவர்களுள் ஒருவரான திரூஃபோவின் 'ஜூல், ஜிம்' (1962) படத்தில் மொரோ ஏற்ற கத்ரீன் பாத்திரம் நிகரற்ற கொடையாகும். 1960இல் கான் திரைப்பட விழாவின் சிறந்த நடிகை விருதையும் 1992இல் பிரான்சின் திரைப்பட விருதான செசாரையும் பெற்ற அவர், 'லுமியேர்' (1976) உள்ளிட்ட படங்களை இயக்கியும் உள்ளார்.