முடிச்சு காட்டிய வேகம்

1906-ஆம் ஆண்டில் வ. உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்ட வரலாற்றை மாணவர்கள் அறிவர். கப்பலின் வேகத்தை மாலுமிகள் 'நாட்' என்னும் அலகால் கூறுவர். நாட் என்பதன் பொருள் முடிச்சு. முடிச்சுக்கும் வேகத்துக்கும் என்ன தொடர்பு?

பாய்மரக் கப்பல் காலத்தில், ஒரு பலகையைக் கயிற்றில் கட்டிப் பின்புறத்தே கடலில் எறிவர். பலகை நீரில் நிற்கும். கப்பல் முன்செல்லச் செல்லக் கயிறு அவிழ்ந்தோடும். அக்கயிற்றில் 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு இருக்கும். 28 விநாடி மணற்கடிகாரம் வடிவதற்குள் ஐந்து முடிச்சுகள் நழுவினால் வேகம் ஐந்து நாட். அதாவது மணிக்கு ஐந்து கடல் மைல். கடல் மைல், அட்சாம்சத்தில் ஏறத்தாழ ஒரு கலைக்கு நேரான தொலைவு. 1929-இல் கூடிய பன்னாட்டு மாநாடு அதனை 1,852 மீட்டர் என வரையறுத்தது. கடற்படத்தில் கலைகளை எண்ணினாலே தொலைவு தெரிந்துவிடுவதால், கிலோமீட்டர் வந்த பின்னும் கடலில் நாட் நிலைத்தது.

முத்துக்குளிப்போருக்கு ஆழத்தின் அலகு, விரித்த இரு கைகளின் அளவாகிய 'பாகம்'. கைகள் ஆழத்தை அளந்தன; கயிறு வேகத்தை அளந்தது.

மன்னார் வளைகுடாவின் கடற்பசு, மூச்சு வாங்க நீரின் மேற்பரப்புக்கு வந்தே ஆக வேண்டும். பத்து நாட் வேகத்தில் வரும் படகு விநாடிக்கு ஐந்து மீட்டருக்கு மேல் பாய்கிறது. அதனை மணிக்குப் பத்துக் கிலோமீட்டர் என மயங்கினால், உண்மை வேகத்தில் ஏறத்தாழப் பாதியே கணக்கில் வரும். அம்மயக்கம் அவ்வுயிருக்கு ஆபத்தாகலாம். ஆதலின், எண்ணைக் குறிக்குந்தோறும் அலகையும் குறித்தல் வேண்டும்.