நில அதிர்வு அலைகள்

நில அதிர்வு அலைகள்: பூமிக்குள் பாறை முறிந்து நழுவும்போது வெளிப்படும் ஆற்றலை எல்லாத் திசைகளுக்கும் சுமந்து செல்லும் அதிர்வுகள். பாறை முறிவது ஓரிடத்தில். வீடு இடிவது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி. இடையில் நடப்பதைச் சொல்பவை இந்த அலைகளே. ஆகவே இவை புவியியலாருக்கு எவ்வளவு வேண்டியவையோ, கட்டடப் பொறியாளருக்கும் அவ்வளவு வேண்டியவை.

வகைகள்

முதலில் வருவது முதன்மை அலை. பாறையை நெருக்கியும் தளர்த்தியும் கருங்கல்லில் நொடிக்கு 5 முதல் 6 கி.மீ. வேகத்தில் செல்லும், நீரிலும் பாயும். அடுத்து வருவது இரண்டாம் அலை. இது செல்லும் திசைக்குக் குறுக்காக நிலத்தை அசைக்கும், நீர்மத்தைக் கடக்காது. கடைசியில் தரையை ஒட்டி மேற்பரப்பு அலைகள் வரும். கட்டடத்துக்குப் பெருங்கேடு செய்பவை பின்னால் வரும் இவ்விரண்டும்தான். சுவரும் தூணும் மேலிருந்து இறங்கும் எடையைத் தாங்கக் கட்டப்பட்டவை. பக்கவாட்டில் வரும் உலுக்கலைத் தாங்கத் தனியே வலுவூட்ட வேண்டும்.

ஆய்வு வரலாறு

1889-இல் ஜப்பானில் நேர்ந்த நிலநடுக்கத்தின் அலைகள் ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகரக் கருவியில் பதிந்தன. பூமியின் ஒரு மூலையில் எழும் அதிர்வை மறுமூலையில் அளக்கலாம் என்பது அன்று உறுதியாயிற்று. 1897 ஜூன் 12-இல் அசாம் பெருநடுக்கம் வந்தது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ரிச்சர்ட் டிக்சன் ஓல்டாம் அதை ஆராய்ந்தார். தொலைதூரப் பதிவுகளில் மூவகை அலைகளையும் பிரித்துக் காட்டினார். 1906-இல் இதே வழியில் பூமியின் நடுவே தனியான உட்கரு உண்டென்பதற்குச் சான்று தந்தார்.

அசாம் அழிவுக்குப் பின் கல்கத்தா, பம்பாய், கொடைக்கானல் ஆகிய இடங்களில் மில்ன் வகை அதிர்வுமானிகள் நிறுவப்பட்டன. தமிழகமும் அதிர்வு அறியாத நிலமன்று: 1900 பிப்ரவரி 8-இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் சுமார் 6 அளவுள்ள நடுக்கம் ஏற்பட்டது.

பொறியியலில் பாடம் தந்தது இன்றைய பாகிஸ்தானிலுள்ள குவெட்டா நகரம். 1931 நடுக்கத்துக்குப் பின் ரயில்வே பொறியாளர் எஸ்.எல். குமார் அங்கு ஊழியர் குடியிருப்புகளை அதிர்வு தாங்கும்படி வடிவமைத்தார். 1935 மே 31-இல் நகரமே தரைமட்டமானபோது அவை நின்றன. 1962-இல் அதிர்வு தாங்கும் வடிவமைப்புக்கு ஐ.எஸ். 1893 என்னும் இந்திய விதிநூல் வந்தது.

மண்ணின் பங்கு

கடலலை கரையை நெருங்கும்போது வேகம் குறைந்து உயரம் கூடுவதைக் கடற்கரையில் நின்ற எவரும் பார்த்திருப்பார்கள். நிலத்திலும் அப்படியே. கடும்பாறையில் நொடிக்குச் சுமார் 3 கி.மீ. செல்லும் இரண்டாம் அலை, இளகிய மண்ணில் 200 மீட்டராகத் தளரக்கூடும். வேகம் குறையக் குறைய ஆட்டம் பெரிதாகிறது.

ஒவ்வொரு மண்படுகைக்கும் அதற்கென்று ஓர் ஆட்ட நேரம் உண்டு. படுகையின் தடிமனை நான்கால் பெருக்கி அலை வேகத்தால் வகுத்தால் அது கிடைக்கும். 20 மீட்டர் தடிமன், நொடிக்கு 200 மீட்டர் வேகம் என்றால் 0.4 நொடி. கட்டடத்துக்கு மாடி ஒன்றுக்குச் சுமார் 0.1 நொடி எனக் கொள்வது வழக்கம். ஆகவே அந்த மண்ணில் நான்கு மாடி வீடு மண்ணோடு ஒத்ததிர்ந்து மேன்மேலும் ஆடும். 1985-இல் மெக்சிகோ நகரின் பழைய ஏரிப்படுகையில் நின்ற நடுத்தர உயரக் கட்டடங்கள் விழுந்ததும், 2001 ஜனவரி 26-இல் பூஜ் நடுக்கத்தில் 200 கி.மீ.க்கு அப்பால் அகமதாபாத் அடுக்குமாடிகள் சரிந்ததும் இப்படித்தான். அகமதாபாத்தில் வாகனம் நிறுத்தச் சுவரின்றி விட்ட தரைத்தளங்கள் கேட்டை இன்னும் பெருக்கின.

விளாத்திகுளம் வட்டாரம்

விளாத்திகுளம் அடங்கிய தூத்துக்குடி மாவட்டம் நாட்டின் அதிர்வு வரைபடத்தில் இடர் குறைந்த இரண்டாம் மண்டலத்தில் உள்ளது. குறைந்தது என்பதற்கு இல்லை என்று பொருளில்லை. மராட்டியத்தின் கில்லாரியும் விளாத்திகுளம் போலக் கரிசல் காடுதான். அன்றைய வரைபடத்தில் அது மிகக் குறைந்த இடருள்ள முதல் மண்டலம். 1993 செப்டம்பர் 30 விடியுமுன் சுமார் 6.2 அளவில் நிலம் அதிர்ந்தது. சேற்றுச் சாந்தில் அடுக்கிய கற்சுவர்கள் பிளந்து, கனத்த மண்கூரைகள் உறங்கியவர்கள் மேல் விழுந்தன. 7,900-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வரைபடத்தின் 2002 திருத்தத்தில் முதல் மண்டலமே நீக்கப்பட்டது.

விளாத்திகுளத்தின் கரிசல் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். இதற்காகவே அடிக்குமிழ் கொண்ட அண்டர் ரீம்டு பைல் அஸ்திவாரம் உருவானது. ஆனால் மண்ணின் உப்பலைத் தாங்கும் அஸ்திவாரம் மட்டும் அலையின் உலுக்கலுக்குப் போதாது. அதன்மேல் நிற்கும் சுவர்கள் ஒன்றோடொன்று கட்டுண்டிருக்க வேண்டும். கிழக்கே வைப்பாறு, வேம்பார் கரையில் சிக்கல் வேறு: நீர் ஊறிய தளர்மணல் நீண்ட உலுக்கலில் குழம்பாகி வலுவிழக்கக்கூடும். 2001 பூஜ் நடுக்கத்தில் காண்ட்லா துறைமுகக் கோபுரம் சாய்ந்தது இவ்வாறே.

2004 டிசம்பர் 26 காலை 6.29-க்கு சுமத்ரா அருகே எழுந்த முதன்மை அலை ஏறத்தாழ 5 நிமிடத்துக்குள் தமிழகத்தை எட்டியது. ஆழிப்பேரலை வர 2 மணி நேரத்துக்கு மேலாயிற்று. அந்த இடைவெளி அன்று வீணாயிற்று. 2007 முதல் ஐதராபாத்தின் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் அதைப் பயன்படுத்துகிறது. மன்னார் வளைகுடாவில் மனிதர் எழுப்பும் அலைகளும் உண்டு: முத்துப் பார்களை அறிந்த குளியாளிகள் எட்டாத ஆழத்தில் எண்ணெய், எரிவாயு தேடும் ஆய்வுகள் அவற்றால்தான் நடக்கின்றன.

கட்டுநர் கடமை

அடித்தளம், லிண்டல், கூரை ஆகிய மட்டங்களில் வீட்டைச் சுற்றி ஓடும் கான்கிரீட் கட்டு. தூண் கம்பிகளைச் சுற்றிய ரிங்குகளின் முனைகளை 90 பாகையில் விடாமல் 135 பாகைக்கு உள்நோக்கி மடக்குதல். இரண்டும் சிறு செலவு. கொத்தனாரும் கம்பி கட்டுபவரும் ஒரு நாளில் கற்கக்கூடியவை. கில்லாரியில் விழுந்த சுவர்களில் இந்தக் கட்டு இல்லை. அலை எந்த நாளில் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது; வானம் தோண்டும் நாள் மட்டுமே நம் கையில் உள்ளது.